உப்பு ஜாடிமேல் விழுந்த நட்சத்திரங்கள்

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஐப்பசி மூன்றாம் தேதி, வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அம்சவல்லியின் பட்டறைக் கூரைமேல் முதல் நட்சத்திரம் விழுந்தது. எடை முந்நூற்று நாற்பது கிராம். ஐந்து முனை, உள்ளங்கை அகலம், ஆறிப்போன டீயின் நிறம். ஆஸ்பெஸ்டாஸில் ஓட்டை போட்டு உள்ளே வந்து, காய வைத்திருந்த ஜாடிகளில் நான்கை உடைத்துவிட்டுத் தரையில் கிடந்தது. பக்கத்துப் பட்டறையில் கழிவறைப் பீங்கான் செய்கிறவர் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரயிலில் போன எவனோ எறிந்திருப்பான் என்றார். தண்டவாளம் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். அப்படியென்றால் எறிந்தவன் கைக்கு மாலைதான் போட வேண்டும் என்றாள் அம்சவல்லி. அன்றைக்கு அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

நட்சத்திரத்தின் பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுத்து பொறித்திருந்தது. மகள் பூர்ணிமா அதைத் துடைத்துவிட்டு வாசித்தாள். மட்டமான பொருள், யாரும் வாங்க வேண்டாம் என்று இருந்தது. அதே வரி அன்று காலை பத்து ஐம்பத்தைந்துக்கு அவள் போனில் வந்திருந்தது. அவர்களுடைய உப்பு ஜாடிக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதிய வரி அது. மத்தியானம் போன் மறுபடி மணியடித்தது. சரியாக இருபதாவது நிமிடம் கூரையில் இரண்டாவது விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஏழு. அதுவரை மூன்று வருடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் அந்த ஜாடிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றுகூடக் கூரைமேல் விழுந்ததில்லை. பாராட்டுக்கு எடை கிடையாது என்பது அந்த வாரத்தில்தான் தொழிற்பேட்டைக்குத் தெரிந்தது.

அம்சவல்லியின் கணவர் நடராசன் இருந்தவரை அந்தப் பட்டறையில் வீட்டு மின்பெட்டிகளுக்கான ஃப்யூஸ் கட்டைகள் செய்தார்கள். வீடுகளில் தானாக விழும் சுவிட்சுகள் வந்த பிறகு ஃப்யூஸ் கட்டையைக் கேட்க ஆளில்லை. நடராசன் இரண்டாயிரத்துப் பதினாறில் இறந்தார். அம்சவல்லி அதே சூளையில் உப்பு ஜாடி சுட ஆரம்பித்தாள். கைப்பிடி இல்லாத, வெள்ளை வெளேரென்ற, மூடி இறுக்கமான ஜாடி. பி.காம் முடித்த பூர்ணிமா இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் அதைப் படம் பிடித்து ஆன்லைன் கம்பெனி ஒன்றில் ஏற்றினாள். அந்தக் கம்பெனியின் பெயரை எழுதினால் அதுவும் அவர்களுக்கு இலவச விளம்பரம் என்று அம்சவல்லி சொல்லிவிட்டதால் இங்கே எழுதவில்லை. ஊரடங்கில் நாடே வீட்டில் உட்கார்ந்து சமைத்தது. ஒரு நாளைக்கு இருநூறு ஜாடி போயிற்று. லக்னோவிலும் கௌஹாத்தியிலும் விருத்தாசலத்து ஜாடியில் உப்பு இருந்தது. பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள்.

பதினோரு பேரில் முதலில் வந்தவள் கண்ணம்மாள். ஐம்பத்திரண்டு வயது. பிளாஸ்டர் அச்சைப் பிரித்து ஈர ஜாடியை வெளியே தூக்குவது அவள் வேலை. தூக்கும்போது அவளுடைய இடது கட்டைவிரல் ஜாடியின் கழுத்துக்குக் கீழே லேசாக அழுந்தி ஒரு பள்ளம் விழும். முதலில் அது குறை என்று அம்சவல்லி திட்டினாள். ஆனால் ஈரக் கையால் ஜாடியைப் பிடிக்கிறவர்களின் விரல் வழுக்காமல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. வாங்கியவர்கள் அதைத்தான் புகழ்ந்து எழுதினார்கள். அப்புறம் அம்சவல்லி திட்டவில்லை.

இருபத்தொன்றின் கடைசியில் கம்பெனியில் இந்தப் பிரிவைப் பார்க்கும் பிரவீன்குமார் என்பவன் பெங்களூரிலிருந்து பேசினான். தரப் பரிசோதனை என்று நாற்பத்து மூன்று கேள்விகள் அனுப்பினான். எந்த மண், எந்த அளவு, எத்தனை டிகிரி, மேல்பூச்சில் என்ன கலக்கிறீர்கள், அச்சின் வரைபடம் உண்டா. பூர்ணிமா ராத்திரி பகல் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினாள். எந்த ஊரில் யார் வாங்குகிறார்கள் என்பது மட்டும் கேள்வியில் இல்லை. அது ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது, அம்சவல்லியிடம்தான் இல்லை. எட்டு மாதம் கழித்துக் கம்பெனியே தன் சொந்தப் பெயரில் ஓர் உப்பு ஜாடி போட்டது. விலை முப்பது ரூபாய் குறைவு. உப்பு ஜாடி என்று யார் தேடினாலும் முதலில் அதுவே வந்தது. பூர்ணிமா ஒன்றை வரவழைத்துப் பிரித்தாள். கண்ணம்மாள் அதைக் கையில் எடுத்தாள். அவளுடைய இடது கட்டைவிரல் அதன் கழுத்துக்குக் கீழே இருந்த பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. ரேகைகூடப் பதிந்திருந்தது. அவள் ஜாடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி.

அன்றைக்கே அம்சவல்லி போன் போட்டாள்.

"அது எங்க டிசைன் டீம் தனியா பண்ணது மேடம்," என்றான் பிரவீன்குமார்.

"எங்க பட்டறை ஆளோட கட்டவெரலு அதுல இருக்குதுங்க."

"கட்டைவிரலுக்கு டிரேட்மார்க் எடுத்திருக்கீங்களா மேடம்?"

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் அம்சவல்லிக்குப் பொறுக்கவில்லை. அதற்கடுத்த மாதம், பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில், நட்சத்திரங்கள் விழ ஆரம்பித்தன.

முதல் நாள் ஏழு. நான்காம் நாள், தீபாவளிக்கு முந்தின நாள், நாற்பது. இரண்டாம் வாரம் ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு. பக்கத்துப் பட்டறைகளின் கூரையில் ஒன்றுகூட விழவில்லை. தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, ஒரு நட்சத்திரத்தைக் கைக்குட்டையில் கட்டி எடுத்துப் போனார். இயற்கைச் சீற்றத்துக்கான படிவத்தில் இடி உண்டு, வெள்ளம் உண்டு, யானை உண்டு, இது இல்லை என்று பிறகு தகவல் வந்தது. அம்சவல்லி ஆஸ்பெஸ்டாஸ்மேல் தகரம் அடித்தாள். தகரத்தில் விழுந்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. பெண்கள் வண்டி ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஐந்து பேர் நின்றுவிட்டார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தினம் சாயங்காலம் அம்சவல்லி நட்சத்திரங்களைப் பொறுக்கி உரச்சாக்கில் கட்டி மூலையில் அடுக்கினாள். பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடை வலித்தது. பூர்ணிமா ஒரு நாளைக்கு நாலு புகார் எழுதினாள். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று நாலு பதில் வந்தது.

ஐப்பசி பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, தகரத்தின் இணைப்பு வழியாக ஒன்று சாய்வாக நுழைந்து, அச்சு மேல் குனிந்திருந்த கண்ணம்மாளின் இடது தோளில் இறங்கியது. காறை எலும்பு இரண்டு துண்டானது. ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர், மேலிருந்து விழுந்த பொருள் என்று எழுதினார். எலும்பு கூடும், ஆனால் இனி அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது என்றார். கண்ணம்மாள் கட்டிலில் படுத்துக்கொண்டு, தன்மேல் விழுந்ததை எடுத்துவரச் சொன்னாள். பூர்ணிமா கொண்டுவந்தாள்.

"இன்னா எழுதியிருக்குது, படி."

"வேணாம் அத்த."

"படின்றேன்."

"கைப்பிடி ஒடஞ்சி வந்துச்சின்னு எழுதியிருக்குது."

கண்ணம்மாள் அதை வலது கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எந்தக் கைப்பிடி?" என்றாள்.

அன்று பிற்பகல் அம்மாவும் மகளும் சாக்குகளை அவிழ்த்து மூவாயிரத்துச் சொச்சம் நட்சத்திரங்களையும் வாசித்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் கைப்பிடி உடைந்திருந்தது. முந்நூற்றில் தண்ணீர் சூடாகவில்லை. எண்பத்தைந்தில் சைஸ் சின்னதாக இருந்தது, துவைத்ததும் சாயம் போனது. இவர்களில் யாரும் ஜாடியை வாங்கவில்லை என்பதை வாசிக்கத் தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். கம்பெனியில் அத்தனை பேர் படித்தவர்கள் இருந்தும் ஒருவரும் சொல்லவில்லை. அம்சவல்லிக்குத் தாடை வலி நின்றுபோனது அன்றுதான். அதற்குமேல் அவள் பல்லைக் கடிக்கவில்லை. வாயைத் திறந்தே பேசினாள்.

"போன்ல வந்து இருவது நிமிஷத்துல மேல வுழுதுன்னா இது டெல்லியிலேர்ந்து வரலடி. இங்கதான் எங்கனா இருக்கான்."

வழியைக் காட்டியவர் கூரியர் வண்டி ஓட்டும் பாவாடை என்பவர். அவர் கம்மாபுரம் பக்கம் தினம் போகிறவர். ரோட்டுக்கு மேலே, புளியமர உயரத்தில், பழுப்பாக என்னவோ கொக்கு மாதிரி வரிசை கட்டி விருத்தாசலம் நோக்கிப் போவதை இரண்டு வாரமாகப் பார்ப்பதாகவும், புது வகைப் பறவை என்று நினைத்ததாகவும் சொன்னார். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய வண்டியில் மூன்று பெண்களும் ஏறினார்கள். வேண்டாம் என்று சொல்லியும் கண்ணம்மாள் கேட்கவில்லை. அவள் கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் இருந்தது. வழியெல்லாம் பூர்ணிமா தலையை வெளியே நீட்டி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கென்று போட்ட காலனியில், மூன்றாம் தெருவில், ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து அவை வெளியே வந்துகொண்டிருந்தன.

உள்ளே பிரபாகரன் என்பவன் உட்கார்ந்திருந்தான். முப்பத்து நாலு வயது, டிப்ளமோ படித்தவன், ஒரு காலத்தில் கரும்பு போட்ட குடும்பம். சுவரில் பிளைவுட் பலகை, அதில் முப்பத்திரண்டு போன்கள். அவன் வரிசையாக ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போனான். தொட்ட போனின் கண்ணாடியிலிருந்து, தட்டிலிருந்து இட்லி எழும்புவதுபோல, ஒரு நட்சத்திரம் எழும்பி, மிதந்து, ஜன்னல் கம்பிக்கு நடுவே புகுந்து போயிற்று. அவன் மனைவி வெண்பா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க நீங்க?" என்றான்.

அம்சவல்லி பையிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இத எப்பனா பாத்திருக்கியா?"

"இல்லிங்கக்கா."

கண்ணம்மாள் முன்னால் வந்தாள். "கைப்பிடி ஒடஞ்சி வந்துச்சின்னு எழுதினியே தம்பி. எங்க இருக்குது கைப்பிடி, காட்டு."

அவன் ஜாடியைக் கையில் எடுத்தான். ஒரு சுற்று சுற்றினான். நிஜமாகவே தேடினான். பிறகு மெதுவாகக் கீழே வைத்தான்.

"காப்பி மக்குக்குக் குடுத்த வரிங்க. அதையே எல்லாத்துக்கும் போட்டேன். எனக்கு நம்பரு மட்டுந்தான் வரும். என்னா பொருளுன்னு சொல்ல மாட்டாங்க."

"இந்த ஜன்னல் வழியா போவுதே, எங்க போவுதுன்னு ஒரு நாளாவது எட்டிப் பாத்தியா?" என்றாள் கண்ணம்மாள்.

"பாத்தா இந்த வேலய செய்ய முடியாதுங்கம்மா."

கண்ணம்மாள் சேலைத் தலைப்பை விலக்கி, நீலம் பாரித்த தோளைக் காட்டினாள். "இங்கதான் வந்துச்சி," என்றாள்.

வெண்பா எழுந்து வந்து கணவனையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் ஜன்னலுக்கு அப்பால் நடப்பது தெரிந்திருக்கவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். மூவரும் வாங்கவில்லை. அம்சவல்லி அறைய ஓங்கிய கையைப் பூர்ணிமா பிடித்துக்கொண்டாள். அவன் நகரவில்லை, அடி விழட்டும் என்றே நின்றான்.

"உங்க நெலத்த எடுத்தாங்களே, எடுத்தவங்க மூஞ்சிய பாத்தியா?" என்றாள் அம்சவல்லி.

"இல்லிங்க. லெட்டர்தான் வந்துது."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணுமேடா, மூஞ்சி காட்டாம அடிக்கிறது எப்படி இருக்கும்னு!" அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்டது. ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பிரபாகரன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு போனை எடுத்து நீட்டினான். அதில் தினமும் ஒரே எண்ணிலிருந்து இரண்டு பட்டியல் வந்திருந்தது. ஒன்று ஒற்றை நட்சத்திரம் கொடுக்க வேண்டியவை, அம்சவல்லியின் ஜாடி அதில் முதலில் இருந்தது. மற்றது ஐந்து கொடுக்க வேண்டியவை, கம்பெனி ஜாடி அதில் முதலில் இருந்தது. அந்த ஐந்துகள் எங்கே என்று பூர்ணிமா கேட்டாள். அவன் அறை மூலையைக் காட்டினான். பொரி மாதிரி ஏதோ குவிந்து கிடந்தது. அவை எங்கும் போவதில்லை, வாரத்துக்கு ஒரு முறை பெருக்கித் தள்ளுவதாக வெண்பா சொன்னாள்.

அம்சவல்லிக்கு அவன்மேல் இரக்கம் வந்ததாகப் பின்னால் ஊரில் பேசினார்கள். வரவில்லை. அவளே சொன்னாள். பிரபாகரனும் அன்றைக்குப் போன்களை அணைக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அணைத்தான். அதற்கு மறுநாள் முதல் நட்சத்திரங்கள் போன் மணியடித்து நாற்பது நிமிடம் கழித்து விழுந்தன. வேலை வேறு யாருக்கோ போயிருந்தது, கொஞ்சம் தூரத்தில்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. பொருள் பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், காரணம் கேட்க மாட்டார்கள், பெட்டியைத் திறந்து பார்க்க மாட்டார்கள், இயந்திரம் பெட்டிமேல் ஒட்டிய பார்கோடு பட்டையை வாசித்து உள்ளே எடுத்துக்கொள்ளும். ஒரு முறை ஜாடிப் பெட்டியில் அரைச் செங்கல் திரும்பி வந்தபோது பிரவீன்குமார் இதைத்தான் பூர்ணிமாவுக்கு விளக்கியிருந்தான். மார்கழி முதல் வாரத்தில் அம்சவல்லி கம்பெனியின் சொந்த ஜாடி ஒன்றை வாங்கினாள். மறுநாள் திருப்பி அனுப்பினாள். ஜாடியையும் உள்ளே வைத்தாள், அவள் யாரையும் ஏமாற்றுகிறவள் இல்லை. ஜாடிக்குள்ளும் ஜாடியைச் சுற்றியும் அவர்கள் அனுப்பிய நட்சத்திரங்களை வைத்தாள். பெட்டியைத் தூக்கிய பாவாடை, உள்ளே என்ன என்று கேட்கவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏற்றினார். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. மறு வாரம் தொழிற்பேட்டையில் பதினெட்டு பட்டறைக்காரர்கள் கம்பெனி ஜாடி வாங்கி, நட்சத்திரம் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு மறு வாரம் ஜங்ஷன் டீக்கடைக்காரர், பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள், கண்ணம்மாளின் தெரு முழுவதும். வெண்பாகூட ஒன்று வாங்கி, அம்சவல்லியிடம் வந்து, தலை நிமிராமல், பெட்டியில் போட ஒரு சாக்கு நட்சத்திரம் கேட்டாள். அம்சவல்லி கொடுத்தாள்.

தை பிறக்கும்போது ஏழாயிரத்து நானூறு நட்சத்திரங்கள் நெடுஞ்சாலையோரம் இருந்த கம்பெனி கோடவுனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. இரண்டு அலமாரி அடுக்குகள் எடை தாங்காமல் தரையில் அழுந்தின. ஆனால் அது பெரிதில்லை. சரக்கு எண்ணும் கருவி பெட்டியைத் தாண்டி உள்ளே இருப்பதையும் வாசிக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றையும் ஒரு நட்சத்திரம் என்று வாசித்து, எந்தப் பெட்டியில் இருந்ததோ அந்தப் பொருளின் பெயரில் எழுதிக்கொண்டது. கம்பெனியின் உப்பு ஜாடிக்கு ஒரே இரவில் ஏழாயிரத்து நானூறு பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்ததாகக் காலையில் திரை காட்டியது. நாடு முழுவதும் அது தேடலில் தொண்ணூறாம் பக்கத்துக்குப் போனது. இயந்திரம் சொன்னதை மாற்ற அங்கே எந்த மனிதருக்கும் அதிகாரம் இல்லை. அப்படித்தான் அவர்கள் அதைக் கட்டியிருந்தார்கள்.

பிரவீன்குமார் மறுபடி பேசினான். இந்த முறை அவன் குரலில் வேர்வை இருந்தது.

"மேடம், உங்க கதை ரொம்பப் பவர்ஃபுல். மேலிடத்துல எல்லாரும் அசந்துட்டாங்க. உங்களயும் அந்த அம்மாவையும் வச்சு ஒரு விளம்பரப் படம் எடுக்கறோம். சிறு தொழிலும் நாங்களும் கைகோத்து நிக்கிற மாதிரி."

"எந்தக் கைய கோக்கறது? எங்க அக்காவுக்கு ஒரு கைதான் தூக்க வருது."

"மேடம், கோபத்த விட்டுட்டு பிசினஸ் பேசலாமே."

"நான் பிசினஸ்தான் பேசறேன். நாப்பத்து மூணு கேள்வி கேட்ட இல்ல, நான் ஒண்ணு கேக்கறேன், எழுதிக்கோ. அந்த வெரலு யாருது?"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அது தன் பிரிவில் வராது என்றான். அம்சவல்லி இணைப்பைத் துண்டித்தாள். அன்று மத்தியானமே பூர்ணிமா கம்பெனியிலிருந்து ஜாடியை இறக்கினாள். மூன்று வருடம் உழைத்து ஏற்றியதை இறக்க நான்கு தட்டு தட்ட வேண்டியிருந்தது. அவள் அழுதாள். அம்மாவிடம், நான்தானே அந்தப் படிவத்தை நிரப்பினேன் என்றாள். ஆமாம், நீதான் என்றாள் அம்சவல்லி. அவள் பொய்யாகத் தேற்றுகிறவளும் இல்லை. பிறகு சோறு போட்டாள்.

இப்போது அவர்கள் சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். வாட்ஸப்பிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஜாடி போகிறது, அறுபது போன நாளும் உண்டு. நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். அச்சிலிருந்து ஜாடி தூக்குவது வேறு பெண். அவள் விரல் பள்ளம் போடுவதில்லை, சிலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நட்சத்திரம் கொடுக்க இடமில்லை. குறை இருந்தால் போன் பண்ணிக் கண்ணம்மாளிடம் சொல்ல வேண்டும். அவள் பெயரைக் கேட்பாள், ஊரைக் கேட்பாள், ஜாடியைக் கையில் எடுத்து எங்கே உடைந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்வாள். நிஜமாக உடைந்திருந்தால் மறுநாள் வேறு போகும். விளையாட்டுக்குப் பேசினால் அவள் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. கௌஹாத்தியில் ஒருவர் திட்டு வாங்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மேலும் இரண்டு ஜாடி வாங்கினார்.

நட்சத்திரங்கள் நிற்கவில்லை, இடம் மாறின. இருபத்து மூன்று ஆடியில் கடலூர் ரோட்டு பிரியாணிக் கடைமேல் விழுந்தன. அடுத்து பல் டாக்டர் கிளினிக்மேல், பிறகு கணக்கு டியூஷன் எடுக்கும் சிவசங்கரி டீச்சர் மாடிமேல், போன மாதம் கடலூர் மாவட்டத்து மங்களூரில் ஒரு டிராக்டர் மெக்கானிக் கொட்டகைமேல். எல்லாமே போன் தேடலில் முதல் பக்கத்துக்கு வந்த மறுவாரம் விழுந்தவை. கோபம் ஊரில் யாருக்கும் குறையவில்லை, ஆனால் கோபத்தோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கடை திறக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஜங்ஷன் ரோட்டு இரும்புக் கடையில் பத்தடிக்குப் பத்தடி கம்பி வலை தனியாக வைத்து விற்கிறார்கள், முழுசாக எடுத்தால் கொக்கி இலவசம். கட்டுமான வேலைக்கு வரும் மேஸ்திரி ராஜமாணிக்கம், கடை கட்டப்போகிறவர்களிடம் மூன்றே கேள்விதான் கேட்கிறார். ஷட்டர் எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எங்கே, நட்சத்திர வலை ஒற்றையா இரட்டையா. பெரும்பாலானவர்கள் இரட்டை என்கிறார்கள்.